பூ வைக்காதவளின் கடம்ப மரம்

திருத்தணியில் பொதட்டூர்பேட்டை பஸ் திரும்பும் முனையைத் தாண்டினால் ஒரு நெசவுத் தெரு. அந்தத் தெருவில் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே தலையில் பூ இல்லாமல் நடமாடியவள் ஒருத்திதான். அவள் பெயர் அம்சா. கல்யாணமானாலும் சீமந்தமானாலும் வெறுங்கொண்டையோடு வந்து நிற்பாள். தெருவுக்கு இது போதாதா? புருஷன் மேல் வெறுப்பு என்றாள் ஒருத்தி. அஞ்சாங்கிளாஸ் படித்த திமிர் என்றாள் இன்னொருத்தி. அம்சா யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொல்லக் கூடாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் சிங்காரம் நல்ல நெசவுக்காரன். எழுபத்திரண்டாம் வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. மெட்ராஸ் பக்கத்துக் காச ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போனவன் திரும்புவானா என்று அவன் அண்ணன் பஞ்சாட்சரமே நம்பிக்கையில்லாமல் இருந்த நேரம். அம்சா தனியாக மலையேறிப் போய் முருகன் சன்னதியில் நின்று, உதடுகூட அசையாமல் வேண்டிக்கொண்டாள். “இவரை உயிரோட வூட்டுக்கு அனுப்பு. உனக்குப் புடிச்ச கடம்ப மரத்த நானே வளத்து, அதோட மொதப் பூவ ஆடிக் கிருத்திகைக்கு மாலையாக் கட்டினு வரேன். அதுவரைக்கும் என் தலையில பூ ஏறாது.”

எங்கள் பக்கத்தில் வேண்டுதலுக்கு ஒரு சட்டம் உண்டு. செலுத்தி முடிக்கும்வரை அதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் சாமி கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வார். மற்றவர்களுக்கு இதில் எவ்வளவு நம்பிக்கையோ தெரியாது, அம்சாவுக்கு முழு நம்பிக்கை. வாயைத் திறந்தால் புருஷன் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அவ்வளவுதான் விஷயம்.

சிங்காரம் பிழைத்து வந்தான். ஊசிதான் காப்பாற்றியது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஊசி போட்டவருக்கு நன்றி சொன்னால் போதும், சாமிக்கு மரம் வளர்க்க வேண்டுமே. கடம்பா, கடம்பா என்று சின்ன வயதிலிருந்து கும்பிட்டாளே தவிர, கடம்ப மரத்தை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மழைக்காட்டில் ஓடைத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு வளர்கிற மரம் அது. நம் ஊர் வெயிலில் வேலமரமே யோசித்துத்தான் இலை விடும்.

விசாரித்துக்கொண்டே இருந்தாள். நகரிக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பு வாய்க்கால் ஓரத்தில் கடம்ப மரம் ஒன்று நிற்பதாகக் கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்கள். தாலி கட்டி முடிந்ததும், பந்தியில்கூட உட்காராமல் அங்கே போய் நின்றாள். தோப்புக் காவல்காரர் ஜம்புலிங்கம் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். அவர் அந்த மரத்தைக் கடிமி என்றார். மரத்தடியில் எலுமிச்சை அளவில் மஞ்சள் உருண்டைகள் விழுந்து நசுங்கிக் கிடந்தன.

“இந்தப் பழத்துக்கா இத்தினி தூரம் வந்தே? வவ்வாலத் தவர ஒருத்தனும் தொட மாட்டான்” என்று சிரித்தார் ஜம்புலிங்கம். “வெதயத் தேடாதே, கண்ணுக்கே ஆம்புடாது. பழத்த தண்ணில போட்டு அழுவ வெச்சிப் பெசஞ்சி, துணியில வடி. தூளாட்டம் நிக்கும் பாரு, அதான். மேல மண்ணப் போட்டு மூடிடாதே, மொளைக்காது. எறும்பு வந்துச்சோ, ஒண்ணு பாக்கி இருக்காது.”

முந்தானையில் பழங்களை முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து ஒரு பழைய பானையில் ஊறப்போட்டதும் வந்தது வினை. பழம் அழுகி வீடே நாறியது. மாமியார் தாயம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். தாயம்மாள் மூக்குப்பொடி போடுகிறவள், அந்த மூக்குக்கே பொறுக்கவில்லை.

“ஏன்டி, பூ வெக்க மாட்டே, பொட்டுகூட ஏதோ போனாப் போவுதுன்னு வெக்கிறே. இப்ப வூட்ட நாற அடிக்கணும்னு வேற வேண்டுதலா?”

வேண்டுதல் என்ற சொல்லைக் கேட்டதும் அம்சா மாமியார் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனாலும் அன்று முழுக்க சிங்காரம் இருமுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

வடிகட்டி நிழலில் காயவைத்ததில் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை தூள் தேறியது. அதுதான் விதை. ஊதினால் பறந்துவிடும். பாதியைப் பொடி மணலோடு கலந்து, வாயகன்ற மண் சட்டியில் சலித்த எருமண் மேல் தூவினாள். மணலோடு கலக்காவிட்டால் ஒரே இடத்தில் போய்க் குவிந்துகொள்ளும். மீதிப் பாதியை, மாமியார் தீர்த்துப் போட்ட பொடி டப்பா ஒன்றில் போட்டு மாடத்தில் வைத்தாள்.

சட்டியில் பச்சைப் பாசி படிந்த மாதிரி முளை கண்டது. ஒவ்வொன்றும் நூல் இழையைவிட மெலிசு. நிமிரத் தெம்பில்லாமல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. இந்த இடத்தில்தான் அம்சா தப்பு செய்தாள். வேறு யாரும் செய்ய முடியாத தப்பு, நெசவுக்காரி மட்டுமே செய்யக்கூடியது. தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். கஞ்சி குடித்த நூல்தான் விறைப்பாக நிற்கும், அறாது. பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவள் அவள். இழை சாய்ந்தால் என்ன செய்வது என்று அவள் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியில் ஒரு டம்ளர் எடுத்து, தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, துணியில் நனைத்து முளைகள் மேல் தெளித்தாள்.

மறுநாள் சட்டி முழுக்க வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஒரு முளைகூட மிஞ்சவில்லை. அம்சா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே சிங்காரம் இருமினான். தறித்தூசிக்கு எல்லோரும் இருமுகிற இருமல்தான் அது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

டப்பாவில் பாதி இருக்கிறதே என்று மாடத்துக்கு ஓடினாள். அங்கே தாயம்மாள் அந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, ரசித்து மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“அத்தே!”

“இன்னாடி கத்தறே? இதுல காரமே இல்ல. கடக்காரன் ஏமாத்திட்டானா?” என்றவள் அடுத்த நொடி தும்ம ஆரம்பித்தாள். திருத்தணி மலைவரைக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு தும்மலுக்கும் டப்பா குலுங்கியது. அம்சா அதைப் பிடுங்கி, உள்ளங்கையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாமியார் கையிலிருந்து பொடி டப்பாவைப் பிடுங்கிய மருமகள் என்று தெருவில் அதுவும் பேச்சானது.

டப்பா மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை எருவை வெயிலில் நன்றாகக் காயவைத்துக்கொண்டாள். மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் உட்காரவைத்தாள். அடியிலிருந்து மண் தானே உறிஞ்சிக்கொண்டது, தாம்பாளத்துத் தண்ணீரைத் தாண்டி எறும்பும் வரமுடியவில்லை. மேலே வெயில் வடிகட்டி விழும்படி கஞ்சி வாடையில்லாத மெல்லிய துணியைக் கட்டினாள். காற்று இல்லாமல் புழுங்கினால் பூசணம் வரும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள், காலையும் மாலையும் துணியை விலக்கிவிட்டாள். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு முளைத்தன. அதிலும் கறுத்துப் போனது போக, வேறு தொட்டிக்கு மாற்றும்போது வேர் அறுந்தது போக, கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது.

ஆடி மழை மண்ணை நனைத்த பிறகு, அந்த ஒன்றைப் புழக்கடையில் கிணற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டாள். தண்ணீர் புழங்கும் இடம் என்று பார்த்தாளே தவிர, அது தனக்கும் பஞ்சாட்சரத்துக்கும் பொதுவான இடம் என்று பார்க்கவில்லை. இரண்டு கோடைக்கு அந்தச் செடிதான் அவளுக்குப் பிள்ளை. கிணறு தரைதட்டினால் அதன் காலடியில் உட்கார்ந்துதான் குளித்தாள், பாத்திரத்தை அங்கேதான் கழுவினாள், சாயத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் அந்தப் பக்கம் போகாமல் வரப்பு கட்டினாள். வேரைச் சுற்றி வைக்கோல் மெத்தை போட்டாள். வேர் பிடித்த பிறகு பாருங்கள், கடம்பு நின்று யோசிக்கிற மரமே இல்லை. முதல் வருஷம் அவள் தோளைத் தொட்டது. அடுத்த வருஷம் கூரையை எட்டிப் பார்த்தது. இலை ஒவ்வொன்றிலும் சாப்பாடு போடலாம் போலிருந்தது. தண்டு கோணாமல் நேராக ஏறியது, கிளைகள் குடைக்கம்பி மாதிரி பக்கவாட்டில் நீண்டன. ஆனால் பூ மட்டும் இல்லை. நாலைந்து வருஷமாவது ஆனால்தான் அது பூக்கும்.

இதற்கிடையில் வீட்டுக்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சிங்காரம் வெள்ளிக்கிழமை தவறாமல் கடைத்தெருவில் மல்லிப்பூ வாங்கி, வாழையிலையில் சுற்றிக்கொண்டு வருவான். அம்சா வாங்கி, சாமி படத்துக்கு வைத்துவிடுவாள். “உனக்கு?” என்பான். “தலை வலிக்குது” என்பாள், “குளிக்கல” என்பாள். எத்தனை பொய் சொல்வது? அவன் வேறு மாதிரி புரிந்துகொண்டான். காசக்காரன் கையால் வாங்கிய பூவை வைக்க அவளுக்கு அருவருப்பு என்று நினைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்தான். அடுத்த வெள்ளியும் அப்படியே. பிறகு வாங்கவே இல்லை. அம்சா அன்றைக்கெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து புகையின் மேல் பழி போட்டு அழுதாள். பூ வைக்காததைவிட, அவன் வாங்காமல் வந்ததுதான் அவளுக்கு வலித்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் கிளை நுனிகளில் பச்சைக் குண்டுமணிகள் தெரிந்தன. அம்சா கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மொட்டு! அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதே வாரம் பஞ்சாட்சரம் லாரியில் பவர்லூம் கொண்டுவந்து இறக்கினார்.

பஞ்சாட்சரம் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தகப்பன் மாதிரி இருந்தவர். புழக்கடையை ஒட்டிய கொட்டகையில் தறியை நிறுத்திவிட்டுக் கரண்டுக்கு எழுதிப்போட்டிருந்தார். தெருவில் போஸ்ட் நட்டாகிவிட்டது. கம்பி புழக்கடை மேலேதான் வர வேண்டும். வந்து பார்த்த லைன்மேன் மரத்தைக் காட்டி, “இது இருந்தா கம்பி இழுக்க முடியாதுங்க. திங்கக்கெழம வரோம், அதுக்குள்ள வெட்டி வெச்சிடுங்க. தப்பினா நாங்க கே.ஜி.கண்டிகைப் பக்கம் போயிடுவோம், எப்ப திரும்புவோம்னு சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சாட்சரம் அரிவாளுக்குச் சாணை பிடிக்கச் சொன்னதும் அம்சா வந்து மரத்தடியில் நின்றாள். புருஷனின் அண்ணனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம்.

“பாவா, கிருத்திகை ஆவட்டும். அப்பறம் நீங்க என்னா வேணா செஞ்சிக்கங்க.”

“ஏம்மா? கிருத்திகைக்கும் இதுக்கும் இன்னா?”

அம்சா முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

“த பாரும்மா. குழித்தறியில குனிஞ்சி குனிஞ்சி அவன் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எனக்காவா பவர்லூம் வாங்கினேன்? அவன் நின்னுகினே வேலை பாக்கணும்னுதான் வாங்கினேன். எந்தம்பி உசுரவிட இந்த மரம் பெருசா உனக்கு?”

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. தொண்டைவரைக்கும் வந்தது. அதே உசிருக்குத்தான் பாவா, அதே உசிருக்குத்தான் என்று சொல்லிவிட்டால் போதும், அவரே மரத்தைச் சுற்றி வேலி கட்டுவார். ஆனால் சொன்ன வாய் மூடுவதற்குள் என்ன நடக்குமோ? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிங்காரம் தறியைவிட்டு எழுந்து வந்தான். அண்ணன் முன்னால் பெண்டாட்டி இப்படி நிற்பது அவனுக்கு அவமானமாக இருந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே புழுங்கியதெல்லாம் ஒரே பேச்சில் வெளியே வந்தது.

“வெட்டுங்கண்ணா. புருஷன் வாங்கினு வந்த பூவ ஒரு நாள் தலையில வெச்சிக்க மனசு வராதவளுக்குப் பூமரம் எதுக்கு?”

அம்சா அடிவாங்கியவள் போல மரத்தைவிட்டுக் கையை எடுத்தாள். கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொட்டகை நிழலில் கால் நீட்டிப் பொடி போடப் போன தாயம்மாளின் கை மூக்குக்கு வரும் வழியிலேயே நின்றது. மகன் சொன்னதை அவள் மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். பூ வைக்காதவள். பூமரம். அண்ணாந்து அந்தப் பச்சை உருண்டைகளைப் பார்த்தாள். கடம்பு. மலையைப் பார்த்தாள். சிங்காரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதானே இவள் பூவை விட்டாள்? தாயம்மாளுக்குப் பொடி கையிலிருந்து கொட்டியதே தெரியவில்லை. எழுந்து கிணற்றடிக்கு வந்து மருமகள் எதிரில் குந்தினாள்.

“ஏன்டி அம்சா... இந்த மரம் மலைக்கா? எம்புள்ளைக்கோசரமா?”

அம்சாவின் வாய் திறந்தது. அவ்வளவுதான், தாயம்மாள் பாய்ந்து தன் கையால் அந்த வாயை இறுக்கிப் பொத்தினாள்.

“சொல்லாதே! ஒரு வார்த்த சொல்லாதே. நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

பொத்திய கை மேல் அம்சாவின் கண்ணீர் வழிந்தது. தாலியறுத்தவளாட்டம் நிற்கிறாள் என்று அதே மருமகளை எத்தனை பேர் எதிரில் ஏசியிருப்பாள். தாயம்மாளுக்கு எல்லாம் ஒன்றாக நினைவு வந்தது. அவள் மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராகப் போய் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை லைன்மேன்கள் வந்தார்கள். அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரும்மா” என்றார் பஞ்சாட்சரம்.

“மாட்டேன். கிருத்திகை முடியட்டும்.”

“நீயுமா? காரணத்தச் சொல்லேன்!”

காரணத்தைத்தான் சொல்ல முடியாதே. இப்போது மலைக்கு என்று வாயெடுத்தாலே வேண்டுதலா என்று கேட்டுவிடுவார். தாயம்மாள் அவசரத்துக்கு ஒன்றைப் பிடித்தாள். “இந்த மரத்தடியில உக்காந்தாதான் எனக்குத் தும்மல் நல்லா வருது.”

லைன்மேன் சிரித்துவிட்டார். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. “உனக்குச் சின்னவனும் அவன் பொண்டாட்டியும்தான் புள்ளைங்க. நான் இன்னா, வாடகைக்கு வந்தவனா?” என்று கேட்டார். தாயம்மாள் மரத்தடியைவிட்டு எழவில்லை. லைன்மேன்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். “கிருத்திகைக்கு மறுநாள் அது இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போன பஞ்சாட்சரம் அதன்பிறகு அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆடி பிறந்தது. மழை இல்லை. உருண்டைகள் பெருத்து நின்றனவே தவிர, பச்சையாகவே நின்றன. அம்சா விடிந்ததும் அண்ணாந்து பார்ப்பாள், பிறகு வாசல் தெளிப்பாள். தாயம்மாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குடம் குடமாக மரத்துக்கு ஊற்றினாள். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இந்த வருஷம் தவறினால் மரமே இருக்காது. விதையிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும், அதுவரை சாமி பொறுப்பாரா? ஆடியில் சிங்காரத்துக்கு ஜலதோஷம் பிடித்து இரண்டு நாள் இருமினான். மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயந்தார்கள்.

கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று, காலையில் அம்சா புழக்கடைக் கதவைத் திறந்ததும் வாசனை வந்து முகத்தில் மோதியது. உருண்டைகள் மஞ்சளாக மாறி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை ஊசிகள் சிலிர்த்து நின்றன. எல்லாம் உச்சாணிக் கிளையில். தெருவில் முதல் காவடிக் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போனது.

“சிங்காரம்! மலைக்குப் பூ பறிச்சிக் குடுடா” என்று தாயம்மாள் கத்தினாள்.

பரணியன்று மலைக்குப் பூ என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. அவன் கொட்டகைச் சுவரில் ஏணியைச் சாத்தி, கூரை ஏறி, அங்கிருந்து மரத்துக்கு மாறினான். நீண்ட மூங்கில் நுனியில் அரிவாளைக் கட்டியிருந்தான். சாமிக்குப் போகிற பூ தரையில் விழக் கூடாது. தறியிலிருந்து அறுத்த புதுத் துணியை அம்சாவும் தாயம்மாளும் ஆளுக்கொரு முனை பிடித்து விரித்து நின்றார்கள். ஒன்று விழுந்தது. அடுத்தது. கடம்பு சட்டென்று வளர்கிற மரம், அதனாலேயே கிளையில் வலு இருக்காது. அம்சாவுக்கு அது தெரியும். இவன் உயிருக்காக வளர்த்த மரமே இவனைக் கீழே போட்டுவிடுமோ என்று நினைத்ததும் அவள் கத்திவிட்டாள்.

“போதுங்க. எறங்குங்க!”

“இன்னும் ஒரு கொத்து” என்று அவன் எட்டினான். மடக்கென்று ஒரு சத்தம். மிதித்த கிளை முறிந்து, அவன் மேல்கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். இருமல் வேறு வந்துவிட்டது. அம்சாவால் துணியை விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. கொட்டகைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரம் ஓடிவந்தார். கூரை மேல் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. தம்பியின் இடுப்பைக் கட்டித் தூக்கிக் கூரை மேல் போட்டார். இரண்டு பேரும் ஓட்டின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

“அறிவு இருக்காடா உனக்கு?” என்றார் அண்ணன். பிறகு கீழே விரித்திருந்த துணியில் மஞ்சளாகக் கிடந்த பூக்களைப் பார்த்தார். “மலைக்குன்னு மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?” என்று யாரிடமோ முனகினார்.

மரத்தின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். கிருத்திகைக்கு மறுநாள் அம்சாவே போய், “இப்ப வெட்டிக்கங்க பாவா” என்றாள். பஞ்சாட்சரம் வெட்டவில்லை, லைன்மேன் வரட்டும் என்றார். அவர்கள் புரட்டாசியில்தான் வந்தார்கள். முழங்கால் உயரம் விட்டு, மழைத் தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டச் சொன்னாள் அம்சா. அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் கிளம்பின. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினாள், அதையும் கம்பிக்கு ஒதுங்கிச் சாயும்படி கயிறு கட்டி வளர்த்தாள். வெட்டிய மரம் லேசானது, வீடு கட்ட ஆகாது. பஞ்சாட்சரம் அதில் நூல் கட்டை போட்டுவைக்கப் பெட்டி அடித்துக்கொண்டார். சிங்காரம் நின்றுகொண்டே தறி ஓட்டினான்.

இனி கிருத்திகை. மலை முழுக்கக் காவடி. மூச்சு விட இடமில்லாத கூட்டத்தில் மாலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்சா ஏறினாள், முன்னால் தாயம்மாள் முழங்கையால் வழி செய்துகொண்டு போனாள், பின்னால் சிங்காரம் வந்தான். குருக்கள் வாங்கினார். அந்த மஞ்சள் மாலை உள்ளே போய்ச் சாத்தப்படுவதைப் பார்த்தாள். வேண்டிக்கொள்ள எதுவும் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றாள். கூட்டம் அவளை வெளியே தள்ளியது.

படியிறங்கி வரும்போது, பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் அம்சா நின்றுவிட்டாள்.

“ஏங்க” என்றாள். “பூ வாங்கிக் குடுங்க.”

சிங்காரம் திரும்பினான். “அதான் சாமிக்கு மாலை போட்டாச்சே.”

“சாமிக்கு ஆச்சி. இப்ப எனக்கு.”

அவன் அவளைப் பார்த்தான். வெறுங்கொண்டையைப் பார்த்தான். திரும்பி மேலே கோபுரத்தைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டில், அழுகிய பழ நாற்றம், தாம்பாளத்துச் சட்டி, மரத்தைக் கட்டிக்கொண்டு வாய் பேசாமல் நின்றவள், எல்லாம் இப்போதுதான் அவனுக்கு ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

“எத்தினி மொழம்?” என்றாள் பூக்காரி. தாயம்மாள்தான் வாங்கினாள். வாங்கிய பூவை மருமகள் தலைக்குக் கொண்டுபோனவள், தன் விதவைக் கை ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தி மகனிடம் நீட்டினாள்.

“நான் வெக்கக் கூடாது. நீ வைடா.”

தறியில் அறுந்த இழையைப் பார்க்காமலே முடிபோடுகிற கை அது. அன்றைக்குக் கொண்டை ஊசியைச் செருகத் தெரியாமல் தடுமாறியது.

“பூமரம் எதுக்குன்னு கேட்டுட்டேனே அம்சா. எப்படித் தாங்கினே அத?”

“அதக்கூடத் தாங்கிட்டேங்க. வாங்கினு வரத நிறுத்தினீங்களே, அதத்தான் தாங்க முடியல.” அம்சா கையை உயர்த்தித் தலையிலிருந்த மல்லியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “வர வெள்ளிக்கெழம மறந்துடாதீங்க.”